தோலும் குடற்சுவரும் உறுதியாக இருக்க: வைட்டமின்களையும் தாது உப்புகளையும் உணவில் சேர்க்கும் முறை

நாம் விழுங்கும் ஒவ்வொரு கவளமும், இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் உடலின் உட்பகுதியைச் சேர்வதற்கு முன் உயிருள்ள ஒரு மெல்லிய அடுக்கைக் கடந்தாக வேண்டும். வெளியே தோல், கண்ணில் கருவிழியின் மேற்பரப்பு, மூக்கு முதல் மூச்சுக்குழாய்கள் வரை சளிச்சவ்வு, வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப்பாதையின் உட்சுவர் என்று அந்த அடுக்கு இடத்துக்கு இடம் உருமாறுகிறது. இவற்றுள் மிகவும் வியப்புக்குரியது குடலின் உட்சுவர். மடிப்புகளையும் விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகளையும் விரித்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 30 சதுர மீட்டர் பரப்புள்ள அந்தச் சுவர் ஒரே ஒரு செல்லின் தடிமன் கொண்டது. செரித்த உணவை உள்ளே அனுமதிப்பதும், எண்ணற்ற நுண்ணுயிரிகளை வெளியிலேயே நிறுத்துவதும் ஆகிய இரண்டு வேலைகளையும் அது ஒரே நேரத்தில் செய்கிறது.

இந்த அடுக்குகள் ஒருமுறை கட்டி முடிக்கப்பட்டவை அல்ல. சிறுகுடலின் உட்சுவர்ச் செல்கள் 3 முதல் 5 நாட்களுக்குள் உதிர்ந்து புதியவற்றுக்கு இடம் விடுகின்றன. கருவிழியின் மேற்பரப்பு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் புதுப்பிக்கப்படுகிறது. மேல்தோல் முழுமையாக மாறுவதற்கு 4 வாரங்களோ அதற்கு மேலோ ஆகிறது. கீற்றுக் கூரையைப் போல ஓயாமல் வேய்ந்துகொண்டே இருக்க வேண்டிய இந்த அமைப்புக்குப் புரதமும் கொழுப்பும் மூலப்பொருட்கள் என்றால், அந்த மூலப்பொருட்களை உரிய வடிவில் சேர்ப்பதற்கு வைட்டமின்களும் தாது உப்புகளும் இன்றியமையாதவை. வரத்து குறையும்போது முதலில் தடுமாறுபவை வேகமாகப் பெருகும் செல்களே என்பதால்தான், ஊட்டச்சத்துக் குறைபாடு பெரும்பாலும் வாயிலும் நாக்கிலும் தோலிலும் கண்ணிலும் முதலில் தெரிகிறது.

இதை அறிவியல் முறைப்படி ஆராய்ந்த இடங்களுள் ஒன்று நீலகிரியில் உள்ள குன்னூர். 1918-இல் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கிய மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், குறைபாடுள்ள உணவு மட்டுமே கொடுக்கப்பட்ட குரங்குகளிலும் புறாக்களிலும் குடலின் உட்சுவர் மெலிந்து சிதைவதைக் கண்டு எழுதினார். அந்த ஓரறை ஆய்வகமே பின்னர் ஹைதராபாதுக்கு இடம்பெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. இந்த வழிகாட்டியில் வரும் அன்றாடத் தேவை அளவுகள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அந்த நிறுவனமும் 2020-இல் வெளியிட்டவை. அவை உடல்நலமுள்ள வளர்ந்தவர்களுக்கு உரியவை.

வைட்டமின் ஏ

தொடங்க வேண்டிய இடம் வைட்டமின் ஏ தான் என்பது என் உறுதியான கருத்து. கண்பார்வைக்கு உதவும் சத்து என்று மட்டுமே பலரும் அறிந்துள்ள இது, உடலின் எல்லா உட்பூச்சுகளின் தன்மையையும் தீர்மானிக்கிறது. சளிச்சவ்வின் அடியில் பிறக்கும் இளம் செல், ஈரமான, சளி சுரக்கும் செல்லாக முதிர வேண்டுமா, உலர்ந்து தட்டையான செல்லாக முதிர வேண்டுமா என்பதை, இந்த வைட்டமினிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலம் செல்லின் உட்கருவுக்குள் சென்று, உரிய மரபணுக்களை இயக்கி முடிவு செய்கிறது. அது போதாதபோது மூச்சுக்குழாயிலும் சிறுநீர்ப்பாதையிலும் கண்ணிலும் ஈரமான செல்களின் இடத்தில் தோலைப் போன்ற கடினமான, வறண்ட செல்கள் தோன்றுகின்றன. சளி சுரக்கும் செல்கள் குறைகின்றன. கிருமிகளை ஒட்டவிடாமல் வழித்துச் செல்லும் அந்த ஈரப்படலம் இல்லாத இடத்தில் நோய் எளிதாகப் பற்றிக்கொள்கிறது.

கண்ணில் இந்த மாற்றம் வெளிப்படையாகத் தெரிகிறது. மங்கிய ஒளியில் தடுமாறும் மாலைக்கண் முதல் அறிகுறி. அடுத்து வெண்விழி பளபளப்பை இழந்து வறண்டு, அதன் மேல், பெரும்பாலும் காதோரப் பக்கத்தில், நுரை படிந்தது போன்ற சாம்பல் வெள்ளைத் திட்டுகள் தோன்றுகின்றன. மருத்துவர்கள் இவற்றைப் பிட்டாட் புள்ளிகள் என்பர். இந்த நிலையிலும் கவனிக்காவிட்டால் கருவிழி வறண்டு, புண்ணாகி, கரைந்து பார்வையே பறிபோகலாம். கண்ணில் பார்க்க முடிகிற இதே மாற்றம் நுரையீரலின் குழாய்களில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருக்கக் கூடும் என்பதே பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டியது.

1986-இல் கண் மருத்துவர் ஆல்ஃபிரட் சோமரும் அவருடைய குழுவினரும் இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் நடத்திய ஆய்வை வெளியிட்டனர்; வைட்டமின் ஏ பெற்ற ஊர்களில் சிறுகுழந்தைகளின் இறப்பு 34 விழுக்காடு குறைவாக இருந்தது. தமிழ்நாட்டில் மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள் சுமார் 15,000 குழந்தைகளுக்கு வாரந்தோறும் சிறு அளவில் இந்த வைட்டமினைக் கொடுத்து 1990-இல் வெளியிட்ட முடிவில் இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. எனினும் உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளை உள்ளடக்கி நடந்து, 2013-இல் வெளியான பெரிய ஆய்வில் இப்படிப்பட்ட பலன் தென்படவில்லை. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கையில், குறைபாடு கடுமையாக உள்ள இடத்தில் பலன் பெரிதாகவும், உணவும் தடுப்பூசியும் மேம்பட்ட இடத்தில் சிறிதாகவும் இருக்கும் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அன்றாடத் தேவை ஆண்களுக்கு 1000 மைக்ரோகிராம், பெண்களுக்கு 840 மைக்ரோகிராம். முட்டையின் மஞ்சள் கரு, பால், நெய், ஈரல் ஆகியவற்றில் இது உடல் நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய வடிவில் உள்ளது. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை, கேரட், பரங்கிக்காய், மாம்பழம், பப்பாளி, உள்ளே ஆரஞ்சு நிறமுள்ள சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றில், உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டீன் என்னும் நிறமியாக உள்ளது. ஏறத்தாழ 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டீனிலிருந்து 1 மைக்ரோகிராம் வைட்டமினையே உடல் பெறுகிறது. எனவே சைவ உணவு மட்டும் உண்பவர்கள் ஏதேனும் ஒரு கீரையையோ மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறக் காயையோ பழத்தையோ ஒவ்வொரு நாளும் உண்ண வேண்டும். விருந்து நாட்களில் மட்டும் சேர்த்துக்கொள்வது போதாது.

கீரையை நறுக்கி, மூடி போட்டு, அளவான நேரம் வேகவைத்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ தேங்காய்த் துருவலோ சேர்த்து உண்ண வேண்டும். கரோட்டீன் கொழுப்பில் மட்டுமே கரையும். எண்ணெயே இல்லாமல் அவித்த கீரையிலிருந்து அதன் பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். உடல் எடையைக் குறைப்பதற்காக எண்ணெயை அறவே நீக்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முருங்கைக்கீரைப் பொடி செய்பவர்கள் நிழலில் உலர்த்துவது நல்லது, ஏனெனில் நேர் வெயில் கரோட்டீனை அழிக்கிறது.

குழந்தைகளுக்கு அரசுத் திட்டத்தின் கீழ் வைட்டமின் ஏ திரவம் 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட்டாகவும், அடுத்து 16 முதல் 18 மாதத்துக்குள் 2 லட்சம் யூனிட்டாகவும், பின்னர் 5 வயது வரை 6 மாதங்களுக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட்டாகவும், மொத்தம் 9 தவணைகள் வழங்கப்படுகின்றன. தடுப்பூசி அட்டையில் இந்தத் தவணைகள் குறிக்கப்பட்டுள்ளனவா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். குழந்தைக்குத் தட்டம்மை கண்டால், முன்பு தவணை கொடுக்கப்பட்டிருந்தாலும் மருத்துவரிடம் வைட்டமின் ஏ பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். தட்டம்மை இந்தச் சத்தின் இருப்பை விரைவாகக் கரைத்துவிடும்.

துத்தநாகம்

மருந்துக்கடைகளில் ஜிங்க் என்று கேட்டு வாங்கப்படும் துத்தநாகம் மனிதருக்குக் குறையக்கூடும் என்றே நீண்ட காலம் யாரும் நம்பவில்லை. பீகாரின் பக்சரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், ஈரானின் ஷிராஸ் நகரில் வளர்ச்சி குன்றியிருந்த இளைஞர்களைப் பரிசோதித்து, 1961-இல் முதல் கட்டுரையையும், எகிப்தில் தொடர்ந்த ஆய்வுகளுக்குப் பின் 1963-இல் உறுதியான சான்றுகளையும் வெளியிட்டார். அந்த இளைஞர்கள் வயிறு நிறையவே உண்டார்கள். ஆனால் அவர்களின் முதன்மை உணவு புளிக்க வைக்காத ரொட்டி. தானியத்தின் தவிட்டிலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்சப்படாமல் தடுத்துவிடுகிறது.

செல் பிரிவதற்கும், புரதம் உருவாவதற்கும், குடற்செல்களை ஒன்றோடொன்று நெருக்கமாகப் பூட்டி வைக்கும் இணைப்புகள் இறுக்கமாக இருப்பதற்கும் துத்தநாகம் தேவை. இதைக் குடலில் உறிஞ்ச முடியாத பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்கு வாய், ஆசனவாய், விரல்களைச் சுற்றித் தோல் சிவந்து உரிவதும், முடி உதிர்வதும், ஓயாத வயிற்றுப்போக்கும் ஒன்றாக வருகின்றன. துத்தநாகம் கொடுத்தவுடன் அவை விரைவாகக் குணமாகின்றன. இந்த ஒரு நோயே, தோலும் குடற்சுவரும் ஒரே சத்தை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பதற்குத் தெளிவான சான்றாகும்.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலுடன் துத்தநாக மாத்திரையையும் கொடுக்க வேண்டும் என்று 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் கூட்டாகப் பரிந்துரைத்தன. இந்தியாவில் 2 முதல் 6 மாதக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 10 மி.கி., அதற்கு மேற்பட்ட 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு 20 மி.கி. என 14 நாட்கள் கொடுக்கப்படுகிறது. கரையும் மாத்திரையைத் தாய்ப்பாலிலோ காய்ச்சி ஆறிய நீரிலோ ஒரு கரண்டியில் கரைத்துப் புகட்டலாம். வயிற்றுப்போக்கு இரண்டு மூன்று நாட்களில் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. அவ்வாறு நிறுத்தக் கூடாது. மலத்தோடு இழந்த துத்தநாகத்தை மீட்கவும், புண்பட்ட குடற்சுவரைச் சீரமைக்கவுமே 14 நாட்களும் கணக்கிடப்பட்டுள்ளன.

அன்றாடத் தேவை ஆண்களுக்கு 17 மி.கி., பெண்களுக்கு 13.2 மி.கி. இறைச்சியிலிருந்தும் நண்டு போன்ற கடலுணவிலிருந்தும் இது எளிதாகக் கிடைக்கிறது. கம்பு, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, வேர்க்கடலை, எள், பூசணி விதை ஆகியவற்றிலும் போதிய அளவு உள்ளது. ஆனால் அவற்றோடு ஃபைட்டேட்டும் சேர்ந்தே வருகிறது. இங்கு நம் சமையல் மரபு பெரிதும் துணை நிற்கிறது. பயறுகளை இரவு முழுவதும் ஊறவைத்து அந்த நீரை வடிப்பது, முளைகட்டுவது, மாவை அரைத்துப் புளிக்க வைப்பது ஆகிய மூன்றும் ஃபைட்டேட்டைச் சிதைக்கின்றன. புளித்த மாவில் வார்த்த இட்லியும் தோசையும், முதல் நாள் கரைத்துப் புளிக்க வைத்துக் காய்ச்சிய கம்பங்கூழும் இந்த வகையில் மிகச் சிறந்த உணவுகள். சமையல் சோடா சேர்த்து உடனடியாகச் செய்யும் இட்லி பஞ்சு போல வரலாம். ஆனால் நொதித்தல் தரும் இந்த நன்மை அதில் இல்லை. சிறுதானியங்களுக்கு அண்மையில் மாறியவர்கள் அவற்றை ஊறவைக்காமல் நேரடியாக வேகவைத்து உண்பதைக் காண்கையில், பழைய பக்குவத்தையும் சேர்த்தே திரும்பப் பெற்றிருக்கலாம் என்று தோன்றுகிறது.

வைட்டமின் சி, இரும்பு, செம்பு

இம்மூன்றும் சேர்ந்து இயங்குவதால் சேர்த்தே பேசுவது பொருத்தம். மேல்தோலுக்கு அடியில் இருந்து அதைத் தாங்குவது கொலாஜன் என்னும் புரதம். அதன் மூன்று இழைகள் உறுதியாக முறுக்கிக்கொள்வதற்குத் தேவையான வேதிமாற்றத்தைச் செய்யும் நொதி, இரும்பையும் வைட்டமின் சியையும் கொண்டு இயங்குகிறது. முறுக்கிய இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் மற்றொரு நொதிக்குச் செம்பு தேவைப்படுகிறது. 1747-இல் சாலிஸ்பரி என்ற கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு பொருட்களைக் கொடுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைந்து தேறினர். ஈறில் இரத்தம் கசிதல், ஆறிய பழைய புண் மீண்டும் திறத்தல், முடிக்கால்களைச் சுற்றிச் சிறு இரத்தப் புள்ளிகள் ஆகிய அதன் அடையாளங்கள் அனைத்தும் கொலாஜன் தளர்வதால் விளைபவை.

வைட்டமின் சி ஆண்களுக்கு 80 மி.கி., பெண்களுக்கு 65 மி.கி. போதும். நடுத்தர அளவுள்ள ஒரு கொய்யாப்பழமே இதை நிறைவு செய்துவிடும். நெல்லிக்காயில் ஆரஞ்சைப் போலப் பல மடங்கு உள்ளது. விலை உயர்ந்த இறக்குமதிப் பழங்களைத் தேடிச் செல்ல எந்தத் தேவையும் இல்லை. வெப்பமும் நீரும் இதன் பகைவர்கள் என்பதால், எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழிய வேண்டும், காய்களை நறுக்கிய பின் கழுவக் கூடாது.

இரும்பின் தேவை ஆண்களுக்கு 19 மி.கி., பெண்களுக்கு 29 மி.கி. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படாது. அதே உணவோடு வைட்டமின் சி சேரும்போது உறிஞ்சுதல் கூடுகிறது, காபியோ தேநீரோ சேரும்போது பெரிதும் குறைகிறது. ஆகவே கீரைக் கூட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காய்ப் பச்சடியோ இருக்கட்டும். காபியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். இட்லி சாப்பிட்டு முடித்த கையோடு ஃபில்டர் காபி அருந்தும் பழக்கத்தை மாற்றுவது பலருக்குக் கடினம் என்பதை அறிவேன். ஆயினும் இரத்தசோகை உள்ள பெண்கள் இந்த ஒரு மாற்றத்தையாவது செய்ய வேண்டும்.

நியாயவிலைக் கடை அரிசியில் அண்மை ஆண்டுகளில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை சேர்த்துச் செய்த மணிகள் 100-க்கு 1 என்ற விகிதத்தில் கலக்கப்பட்டு வந்துள்ளன. நிறத்தில் சற்று வேறுபட்டும் சில வேளை நீரில் மிதந்தும் காணப்படும் அந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று அஞ்சிப் பலர் பொறுக்கி எறிகிறார்கள். அவை அரிசி மாவிலிருந்து செய்யப்பட்டவை. எறிய வேண்டாம்.

பி குழுமமும் வைட்டமின் டி-யும்

பாலிஷ் செய்த அரிசியை முதன்மையாக உண்ணும் குடும்பங்களில் பெரிதும் குறைவது பி2. கடைவாய் வெடிப்பு, உதடு உரிதல், நாக்கு சிவந்து எரிதல் ஆகியவை இதன் வழக்கமான அடையாளங்கள். பால், தயிர், மோர், முட்டை, கீரை ஆகியவை இதற்கு உரிய உணவுகள். பி2 ஒளியில் சிதையும் தன்மையுடையது. பாலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வெயில் படும்படி வைக்காதீர்கள்.

பி3 குறைந்தால் வெயில் படும் கழுத்திலும் கைகளிலும் தோல் கறுத்துத் தடித்து உரிவதோடு, வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் தோன்றும் பெல்லாக்ரா வருகிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இது தொற்றுநோய் என்று நம்பப்பட்ட காலத்தில், 1914 முதல் மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் மேற்கொண்ட ஆய்வுகள் இதற்கு உணவே காரணம் என்று காட்டின. அங்கே மக்காச்சோளம் என்றால், இங்கே தக்காணத்தில் வெள்ளைச் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை மக்களிடம் இது காணப்பட்டது. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் ஹைதராபாதில் இதை விரிவாக ஆராய்ந்தார். இன்று நம்மிடையே இது அரிது. மதுவுக்கு அடிமையானவர்களிடமும், காசநோய்க்கு ஐசோநியாசிட் என்ற மருந்தை உண்பவர்களில் சிலரிடமும் காணப்படுகிறது.

ஃபோலேட்டும் பி12-உம் செல் பெருகும் இடமெங்கும் தேவை. பி12 விலங்கு உணவுகளில் மட்டுமே நம்பத்தக்க அளவில் உள்ளதால், முட்டையும் உண்ணாத சைவர்கள் பாலையும் தயிரையும் விடக் கூடாது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுத்துவருபவர்களுக்கும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நீண்ட நாள் உண்பவர்களுக்கும் பி12 குறையக்கூடும்; நாக்கு வழவழப்பாகி எரிந்தாலோ, கால் மரத்தாலோ இரத்தத்தில் அதன் அளவைப் பரிசோதிக்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.

வைட்டமின் டி, கிருமிகளைக் கொல்லும் கத்தெலிசிடின் என்ற சிறு புரதத்தைத் தோலும் மூச்சுப்பாதையும் சுரக்கத் தூண்டுகிறது. இளங்காலை வெயிலே இதற்குச் சிறந்தது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதற்குத் தேவையான புற ஊதாக் கதிர்கள் மிகக் குறைவாகவே தரையை அடைகின்றன. காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரையிலான வெயிலில், முகமும் கைகளும் படும்படி, தோல் சிவக்காத அளவுக்குச் சிறிது நேரம் இருப்பதே பயன் தரும்.

உடலைப் பார்த்து அறிதல்

வாரத்தில் ஒரு நாள், நல்ல வெளிச்சத்தில், குழந்தையின் உடலையும் தம் உடலையும் நிதானமாகப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது நன்று. கீழ் இமையின் உட்புறம் வெளிறியுள்ளதா, வெண்விழி மங்கியுள்ளதா, கடைவாய் வெடித்துள்ளதா, நாக்கின் சொரசொரப்பு மறைந்துள்ளதா, ஈறு வீங்கியுள்ளதா, முழங்கையிலும் முட்டியிலும் தொடையின் வெளிப்புறத்திலும் முடிக்கால்கள் முள் போல் தடித்துள்ளனவா என்பவற்றைப் பார்க்க வேண்டும். கடைசியாகக் கூறிய முள் தோல் வைட்டமின் ஏ, பி குழுமம், இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றின் குறைவோடு தொடர்புடையது; நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ உணவில் சேர்ப்பதும் அதற்கு உதவும்.

இந்த அடையாளங்களைக் கொண்டு நோயை முடிவு செய்துவிடக் கூடாது. கடைவாய் வெடிப்பு பூஞ்சைத் தொற்றாலும் பொருந்தாத பல்செட்டாலும் வரலாம். வெற்றிலை, பாக்கு, புகையிலை பயன்படுத்துபவருக்கு வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரங்களுக்கு மேல் இருந்தால், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையை உண்டுகொண்டு காத்திருப்பது ஆபத்து. அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒரு நாள் உணவை அமைத்தல்

மேலே கூறியவற்றை ஒரு சாதாரண நாளில் பொருத்திப் பார்ப்போம். காலையில் புளித்த மாவில் இட்லியோ கம்பங்கூழோ, அதனோடு எள் அல்லது வேர்க்கடலைச் சட்னி. காபி ஒரு மணி நேரம் கழித்து. முற்பகலில் ஒரு கொய்யா. மதியம் புழுங்கலரிசிச் சோறு, பருப்பு, எண்ணெயில் தாளித்த கீரை, முட்டையோ மீனோ முளைகட்டிய பயறோ, கடைசியில் மோர். மாலையில் ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலைச் சுண்டலில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். இரவில் பரங்கிக்காய் அல்லது கேரட் சேர்ந்த எந்த எளிய உணவும் போதும். இதில் அரிதாகக் கிடைப்பதோ அதிக விலையுள்ளதோ ஒன்றும் இல்லை. சமையல் எண்ணெயும் பாலும் வாங்கும்போது, கூட்டல் குறியோடு எஃப் என்ற எழுத்தைத் தாங்கிய நீல முத்திரை உள்ளதா என்று பாருங்கள். வைட்டமின் ஏ-யும் டி-யும் சேர்த்துச் செறிவூட்டப்பட்டவை அவை.

படுக்கையிலேயே இருக்கும் முதியவர்களைக் கவனிப்பவர்களுக்கு ஒரு சொல். படுக்கைப்புண் ஆறுவதற்கு வைட்டமின் சியும் துத்தநாகமும் தேவைதான்; ஆனால் புரதம் இல்லாமல் அவற்றால் எதையும் கட்ட முடியாது. கஞ்சியும் பழச்சாறும் மட்டும் கொடுத்து மாத்திரை சேர்ப்பதை விட, முட்டை, மசித்த பருப்பு, தயிர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி ஊட்டுவது மேல்.

எவ்வளவு நல்ல உணவை உண்டாலும், குடற்சுவரே தொடர்ந்து தாக்கப்படுமானால் அது உறிஞ்சப்படாது. அசுத்தமான நீரும் கழிப்பறை இன்மையும் உள்ள சூழலில் வாழ்பவர்களின் குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போகின்றன. கொக்கிப்புழு குடற்சுவரைக் கடித்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. காய்ச்சிய நீர், சோப்பிட்டுக் கை கழுவுதல், காலணி அணிதல், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரை ஆகியவற்றையும் ஊட்டச்சத்துத் திட்டத்தின் பகுதியாகவே கருத வேண்டும்.

மாத்திரை எப்போது, எவ்வளவு

குறைபாடு உறுதியான பின், மருத்துவர் குறித்த அளவிலும் கால வரையறையிலும் மாத்திரை உண்பது தேவையே. ஆனால் அதிகமானால் இதே சத்துகள் தீங்கு செய்யும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் நாளொன்றுக்கு 10,000 யூனிட்டுக்கு மேற்பட்ட வைட்டமின் ஏ மாத்திரை சிசுவின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடும். கீரையிலும் காய்களிலும் உள்ள கரோட்டீனுக்கு இந்த அச்சம் இல்லை. நாளொன்றுக்கு 40 மி.கி.-க்கு மேல் துத்தநாகத்தை நீண்ட காலம் எடுத்தால் செம்பு குறைந்து, இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரலாம். வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரை பெரும்பாலும் வாரம் ஒருமுறைக்கு உரியது. அதை நாள்தோறும் உண்டு, இரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. சீட்டில் எழுதியதை மருந்தாளுநரிடம் மீண்டும் கேட்டுத் தெளிவுபெறத் தயங்க வேண்டாம்.

பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களைக் கொண்டு நடந்து 1994-இல் வெளியான ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. நுரையீரலைக் காக்கும் என்ற நம்பிக்கையில் நாள்தோறும் 20 மி.கி. பீட்டா கரோட்டீன் மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. புகைப்பிடிப்பவர்கள் கேரட் உண்ணலாம். கரோட்டீன் மாத்திரை உண்ணக் கூடாது.

இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். இரும்பும் துத்தநாகமும் அவ்வாறே. காலையில் ஒன்று, இரவில் ஒன்று எனப் பிரித்துக்கொள்ளலாம்.

குறைபாட்டைச் சரிசெய்யத் தொடங்கிய பின் மாற்றம் தெரிவதற்கு ஆகும் காலம் இடத்துக்கு இடம் வேறுபடும். மாலைக்கண் சில நாட்களில் தெளிகிறது. கடைவாய் வெடிப்பும் நாக்கின் எரிச்சலும் ஒன்று இரண்டு வாரங்களில் தணிகின்றன. தோலின் சொரசொரப்பு மறைய ஒன்றிரண்டு மாதங்கள் ஆகலாம். இரும்பின் இருப்பு நிறைய, இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு சீரான பின்னும் சுமார் மூன்று மாதங்கள் மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கும். இந்தக் காலம் கடந்தும் மாற்றம் இல்லையென்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். கோதுமைப் புரதத்தால் குடற்சுவர் சிதையும் சீலியாக் நோய், தைராய்டு குறை, நாட்பட்ட குடல் அழற்சி, உடலுக்குள் மறைவாக நடக்கும் இரத்தக் கசிவு ஆகியவற்றுள் ஏதேனும் உள்ளதா என்று பரிசோதிக்க வேண்டிய கட்டம் அது. அப்போது, இதுவரை உண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் எத்தனை நாட்கள் உண்டீர்கள் என்ற குறிப்பையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.